ஒரு நாட்டின் பொருளாதார எண்களையும் நாணயமாற்று வீதத்தையும் வாசிப்பது எப்படி? இலங்கையின் 2019 – 2024 அனுபவத்தை முன்வைத்து ஒரு முழுமையான வழிகாட்டி

2022ஆம் ஆண்டில் இலங்கையின் பொருளாதாரம் வளர்ந்ததா, சுருங்கியதா என்று ஒருவர் கேட்டால் அதற்கு மூன்று விடைகள் சொல்லலாம். அந்தந்த ஆண்டின் விலைகளில் கணக்கிட்டால், மொத்த உள்நாட்டு உற்பத்தி 2021இல் ஏறத்தாழ 17.6 ட்ரில்லியன் ரூபாவாக இருந்து, 2022இல் ஏறத்தாழ 24.1 ட்ரில்லியன் ரூபாவாக உயர்ந்தது. இது 37 சதவீத அதிகரிப்பு. விலையேற்றத்தைக் கழித்துவிட்டுப் பார்த்தால் உற்பத்தி 7 சதவீதத்துக்கு மேல் சுருங்கியது. அதே தொகைகளை அந்தந்த ஆண்டின் சராசரி வீதத்தில் அமெரிக்க டொலருக்கு மாற்றினால் 88 பில்லியன் அளவில் இருந்த பொருளாதாரம் 75 பில்லியன் அளவுக்கு இறங்கியது. இது ஏறக்குறைய 15 சதவீத வீழ்ச்சி. மூன்று விடைகளும் பொய்யல்ல. எந்த விடை எந்தக் கேள்விக்குரியது என்பது தெரியாமல் ஒன்றை மட்டும் தூக்கிக்கொண்டு வாதிடும்போதுதான் குழப்பம் தொடங்குகிறது. நெருக்கடி உச்சத்தில் இருந்த மாதங்களில், எரிபொருள் வரிசையில் நின்றவர்கள் நாள்தோறும் கேட்ட எண்களில் பல இவ்வாறே அரைகுறையாகச் சொல்லப்பட்டன. ஆகவே அந்த எண்களையே எடுத்து, அவற்றைப் படிப்படியாக வாசிக்கும் முறையை இங்கே விளக்குகிறேன். சாதாரணக் கணிப்பான் ஒன்று கையில் இருந்தால் போதும்.

முதலாம் படி: பணத்தின் அளவையும் பொருளின் அளவையும் பிரித்துப் பார்த்தல்

மொத்த உள்நாட்டு உற்பத்தி என்பது ஒரு நாட்டின் எல்லைக்குள், குறிப்பிட்ட காலப்பகுதியில் உற்பத்தியான இறுதிப் பொருட்களினதும் சேவைகளினதும் சந்தைப் பெறுமதியாகும். நெல்லையும், அந்த நெல்லைக் குற்றிய அரிசியையும், அந்த அரிசியில் உணவகம் ஆக்கிய சோற்றையும் தனித்தனியே கூட்டினால் ஒரே நெல்லை மூன்று தடவை எண்ணியவர்களாவோம். எனவே ஒவ்வொரு கட்டத்திலும் புதிதாகச் சேர்ந்த பெறுமதி மாத்திரமே கணக்கில் எடுக்கப்படும். இலங்கையில் இக்கணக்கைத் தொகைமதிப்பு, புள்ளிவிபரத் திணைக்களம் காலாண்டுதோறும் வெளியிடுகிறது.

செலவுப் பக்கத்திலிருந்து பார்த்தால் தனியார் நுகர்வு, முதலீடு, அரச செலவு, ஏற்றுமதி ஆகியவற்றைக் கூட்டி இறக்குமதியைக் கழிக்க வேண்டும். இறக்குமதி செய்தால் உற்பத்தி குறைந்துவிடும் என்று இந்தக் கழித்தலைப் பலர் தவறாக விளங்கிக்கொள்கிறார்கள். இறக்குமதியான பொருட்களின் விலை நுகர்வுக்குள்ளும் முதலீட்டுக்குள்ளும் ஏற்கெனவே கலந்திருக்கிறது. அது இந்நாட்டில் உற்பத்தியானது அல்ல என்பதால் வெளியே எடுக்கப்படுகிறது, அவ்வளவுதான். அதேபோல, கட்டாரிலோ கனடாவிலோ இருந்து உறவினர் அனுப்பும் பணமும் இந்த அளவீட்டில் நேரடியாகச் சேராது. அந்தப் பணத்தில் உள்ளூரில் விளைந்த மரக்கறியை வாங்கும்போது சேரும். இறக்குமதியான கைத்தொலைபேசியை வாங்கும்போது, கடைக்காரரின் இலாபம் போன்ற உள்ளூர்ப் பங்கு மாத்திரமே சேரும்.

இனி, மேலே சொன்ன 37 சதவீதத்தைப் பிரிப்போம். பண அளவு 1.37 மடங்கானது, பொருளின் அளவு 7 சதவீதத்துக்குச் சற்று மேலாகக் குறைந்து 0.925 மடங்களவில் நின்றது. 1.37ஐ 0.925ஆல் வகுத்தால் 1.48 வருகிறது. அதாவது பொருளாதாரம் முழுவதிலும் விலைகள் சராசரியாக 48 சதவீத அளவுக்கு ஏறியிருக்கின்றன. "நாட்டின் உற்பத்தி இத்தனை ட்ரில்லியனைத் தொட்டது" என்ற செய்தியைக் காணும்போதெல்லாம் இந்த வகுத்தலைச் செய்து பார்க்க வேண்டும். மக்கள் தொகையால் வகுத்த தலா வருமானத்தை வாசிக்கும்போதும் அது எந்த விலையில், எந்த நாணயத்தில் தரப்பட்டிருக்கிறது என்று பார்க்காமல் இரு ஆண்டுகளை ஒப்பிடக்கூடாது.

இரண்டாம் படி: பணவீக்கத்தின் வேகத்தையும் விலையின் உயரத்தையும் குழப்பாதிருத்தல்

இலங்கையில் இரண்டு முதன்மையான விலைச் சுட்டெண்கள் உள்ளன. கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண் கொழும்புப் பகுதியின் நகர்ப்புறக் குடும்பங்களின் செலவை அடிப்படையாகக் கொண்டது. தேசிய நுகர்வோர் விலைச் சுட்டெண் நாடு முழுவதையும் தழுவியது. 2013ஐ அடிப்படை ஆண்டாக, அதாவது விலைகளை ஒப்பிடும் தொடக்க ஆண்டாகக் கொண்ட தொடரில் கொழும்புச் சுட்டெண்ணில் உணவின் பங்கு ஏறத்தாழ 28 சதவீதம், தேசியச் சுட்டெண்ணிலோ ஏறத்தாழ 44 சதவீதம். 2022 செப்டெம்பரில் முதலாவது 69.8 சதவீத ஆண்டுப் பணவீக்கத்தையும் இரண்டாவது 73.7 சதவீதத்தையும் காட்டியதற்கு உணவின் இந்தப் பங்கு வேறுபாடு ஒரு முக்கிய காரணம். வருமானத்தில் பாதிக்கு மேல் உணவுக்குச் செலவிட்ட ஒரு கூலித் தொழிலாளியின் குடும்பத்துக்கு உண்மையான பணவீக்கம் இவ்விரண்டையும் விட அதிகமாகவே இருந்திருக்கும்.

ஓராண்டு கழித்து, 2023 செப்டெம்பரில், கொழும்புச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 1.3 சதவீதம் என அறிவிக்கப்பட்டபோது, "அப்படியானால் ஏன் சாமான்கள் மலியவில்லை?" என்று பலர் கோபத்தோடு கேட்டார்கள். கோபம் நியாயமானது; அதற்கான விடையும் எளியது. 2021 செப்டெம்பரில் 100 ரூபாவுக்கு வாங்கிய ஒரு கூடை சாமான் 2022 செப்டெம்பரில் 169 ரூபா 80 சதமானது. அதன் மீது 1.3 சதவீதம் ஏறினால் 172 ரூபா. அடுத்த ஆண்டு செப்டெம்பரில் சுட்டெண் 0.5 சதவீதம் இறங்கியது. அப்போதும் கூடையின் விலை 171 ரூபாவுக்கு மேல். (இடையில் அடிப்படை ஆண்டு 2013இலிருந்து 2021க்கு மாற்றப்பட்டதால் இது அண்ணளவான கணக்கு.) பணவீக்கம் என்பது ஏறும் வேகம், ஏறிநின்ற உயரத்தை அது சொல்லாது. வேகம் பூச்சியமானாலும் உயரம் அப்படியே இருக்கும்.

மூன்றாம் படி: வேலையின்மை வீதத்தை மட்டும் நம்பாதிருத்தல்

பொருளாதாரம் 7 சதவீதத்துக்கு மேல் சுருங்கிய 2022இல் வேலையின்மை வீதம் 4.7 சதவீதம், அதற்கு முந்தைய ஆண்டில் அது 5.1 சதவீதம். சுருக்கத்தின்போது வேலையின்மை குறைவது எப்படி? கணக்கெடுப்புக்குரிய வாரத்தில் ஒரு மணித்தியாலமேனும் வருமானத்துக்காக வேலை செய்தவர் தொழிலில் உள்ளவராகவே கருதப்படுகிறார். வேலை தேடுவதைக் கைவிட்டவரோ தொழிற்படையிலிருந்தே நீக்கப்படுகிறார். ஆகவே வேலையின்மை வீதத்தோடு தொழிற்படைப் பங்கேற்பு வீதத்தையும் (வேலை செய்யும் வயதினரில் வேலையில் இருப்போரும் வேலை தேடுவோரும் எத்தனை சதவீதம் என்பதையும்) சேர்த்துப் பார்க்க வேண்டும். 2022இல் அது 50 சதவீதத்துக்குச் சற்றுக் கீழே இருந்தது. 2023இல் மேலும் குறைந்தது. தேடியும் கிடைக்காமல் ஓய்ந்துபோனவர்கள் இந்த இறக்கத்துக்குள் மறைந்திருக்கிறார்கள்.

நான்காம் படி: வட்டியிலிருந்து பணவீக்கத்தைக் கழித்தல்

2022 ஏப்ரல் 8ஆம் திகதி இலங்கை மத்திய வங்கி தனது கொள்கை வட்டி வீதங்களை ஒரே தடவையில் 7 சதவீதப் புள்ளிகளால் உயர்த்தி, துணைநில் கடன் வழங்கல் வசதி வீதத்தை (வங்கிகளுக்குத் தான் குறுங்காலக் கடன் தரும் வட்டியை) 14.5 சதவீதமாக்கியது. பெரும் உயர்வுதான். ஆனால், எடுத்துக்காட்டாக, 2021 செப்டெம்பரில் 20 சதவீத வட்டிக்கு ஒரு இலட்சம் ரூபா வைப்பிலிட்டிருந்தாலும், ஓராண்டில் அது 120,000 ரூபாவாக வளர்ந்திருக்கும்போது அதே சாமான்களுக்கு 169,800 ரூபா தேவைப்பட்டிருக்கும். 120,000ஐ 1.698ஆல் வகுத்தால் 70,700 ரூபா அளவே வருகிறது. ஓய்வூதியத்தையும் சேமிப்பு வட்டியையும் நம்பி வாழ்ந்த முதியவர்கள் இழந்ததை இந்த ஒரு கணக்கு காட்டிவிடும். வங்கிப் புத்தகத்தில் தொகை கூடிக்கொண்டே போனதால் அந்த இழப்பு பலருக்கும் உடனே புரியவில்லை.

ஐந்தாம் படி: டொலர் எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்று பார்த்தல்

நாணயமாற்று வீதத்தைப் புரிந்துகொள்ள முன்னர் சென்மதி நிலுவையைப் புரிந்துகொள்ள வேண்டும். நாட்டுக்குள் வரும் வெளிநாட்டு நாணயத்தையும் வெளியேறும் நாணயத்தையும் பதியும் கணக்கு அது. இலங்கை 2021இல் ஏறத்தாழ 12.5 பில்லியன் டொலருக்குப் பொருட்களை ஏற்றுமதி செய்து, ஏறத்தாழ 20.6 பில்லியன் டொலருக்கு இறக்குமதி செய்தது. இடையிலுள்ள 8 பில்லியன் இடைவெளியை உல்லாசப் பயணத்துறையும் வெளிநாட்டில் உழைப்போர் அனுப்பும் பணமுமே நீண்டகாலமாகப் பெருமளவு நிரப்பி வந்தன. பெருந்தொற்றினால் முதலாவது வற்றியது. இரண்டாவது, 2020இல் 7.1 பில்லியனாக இருந்து, 2021இல் 5.5 பில்லியனாகவும் 2022இல் 3.8 பில்லியனாகவும் சரிந்தது. இந்தச் சரிவின் காரணத்தைப் பின்னர் பார்ப்போம்.

வரவு போதாதபோது கடன் வாங்க வேண்டும், அல்லது மத்திய வங்கி சேர்த்து வைத்திருக்கும் வெளிநாட்டு நாணய ஒதுக்கிலிருந்து எடுக்க வேண்டும். 2019 இறுதியில் பெறுமதி சேர் வரி 15 சதவீதத்திலிருந்து 8 சதவீதமாகக் குறைக்கப்பட்டதும், அதனோடு வந்த ஏனைய வரிக்குறைப்புகளும் அரசின் வருமானத்தைச் சரித்தன. கடனைத் திருப்பிச் செலுத்தும் திறனை மதிப்பிடும் கடன் தரமிடல் இறங்கியதும் சர்வதேச சந்தையில் கடன் பெறும் வழியும் அடைபட்டது. எஞ்சியது ஒதுக்கு மட்டுமே.

ஒதுக்கின் போதுமை எத்தனை மாத இறக்குமதிக்குப் போதும் என்று அளக்கப்படும். மூன்று மாதம் என்பது பரவலாக ஏற்கப்பட்ட ஆகக் குறைந்த அளவு. 2019 இறுதியில் ஒதுக்கு 7.6 பில்லியன் டொலர். அவ்வாண்டின் மாதாந்தச் சராசரி இறக்குமதி 1.66 பில்லியன் அளவு. ஆகவே நான்கரை மாதத்துக்குப் போதுமானது. 2021 இறுதியில் 3.1 பில்லியன், மாத இறக்குமதி 1.72 பில்லியன், ஆகவே 1.8 மாதம். இங்கே நின்று இன்னொரு கேள்வி கேட்க வேண்டும்: அந்த 3.1 பில்லியனுக்குள் என்ன இருந்தது? ஏறக்குறைய பாதி, சீனாவின் மத்திய வங்கியான சீன மக்கள் வங்கியுடனான 10 பில்லியன் யுவான் பரிமாற்று ஒழுங்கு, அதாவது இரு மத்திய வங்கிகளும் தத்தம் நாணயத்தை மாற்றிக்கொள்ளும் ஏற்பாடு. நிபந்தனையோடு கூடிய அதை நினைத்தபடி எரிபொருளுக்குச் செலவிட முடியாது. அதைக் கழித்தால் கையில் இருந்தது ஒரு மாத இறக்குமதிக்கும் போதாது. இந்தக் கழித்தலை 2022 ஜனவரியிலேயே எவரும் செய்திருக்கலாம். அந்த மாதத்தில்தான் 500 மில்லியன் டொலர் பிணைமுறிக் கடன் ஒன்று திருப்பிச் செலுத்தப்பட்டது. ஏப்ரல் 12ஆம் திகதி வெளிநாட்டுக் கடன் மீள்செலுத்தல் நிறுத்தப்பட்டது. மே மாதத்தில், பயன்படுத்தக்கூடிய ஒதுக்கு 50 மில்லியன் டொலருக்கும் குறைவு என்று நிதியமைச்சர் நாடாளுமன்றத்தில் தெரிவித்தார்.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். 2023இல் நடைமுறைக் கணக்கு, அதாவது சென்மதி நிலுவையில் வணிகம், சேவை, உழைப்போர் அனுப்பும் பணம் போன்றவற்றைப் பதியும் பகுதி, மிகையைக் காட்டியது. மிகை என்றவுடன் நன்மை என்று எண்ணிவிடக்கூடாது. வாகன இறக்குமதி தடைப்பட்டிருந்தது, மக்களின் வாங்கும் சக்தி ஒடுங்கியிருந்தது, வெளிநாட்டுக் கடனின் ஒரு பகுதி செலுத்தப்படாமல் நின்றிருந்தது.

ஆறாம் படி: நாணயமாற்று வீதத்தின் கணிதம்

வங்கியின் பலகையில் இரண்டு விலைகள் இருக்கும். கொள்வனவு விலை என்பது வங்கி எம்மிடமிருந்து டொலரை வாங்கும் விலை. விற்பனை விலை என்பது எமக்கு விற்கும் விலை. கொள்வனவு 297, விற்பனை 305 என்று வைத்துக்கொண்டால், ஒரு டொலரை வாங்கி உடனே திருப்பி விற்பவர் 8 ரூபாவை இழப்பார்.

வேறு நாணயத்தின் விலையை டொலரின் வழியாகக் கண்டறியலாம். ஒரு அமெரிக்க டொலர் 300 ரூபா என்றும், அதே டொலர் 1.36 கனேடிய டொலர் என்றும் கொண்டால், ஒரு கனேடிய டொலர் 300ஐ 1.36ஆல் வகுக்க வரும் 220 ரூபா 60 சதம். பணம் அனுப்பும் சேவையொன்று "கட்டணம் இல்லை" என்று சொல்லிக்கொண்டு 215 ரூபா தந்தால், ஆயிரம் கனேடிய டொலருக்கு 5,600 ரூபா ஏற்கெனவே கழிந்துவிட்டது. வெளிநாட்டிலிருந்து பணம் பெறும் ஒவ்வொரு வீட்டிலும் யாராவது ஒருவர் இந்த வகுத்தலைக் கற்றிருக்க வேண்டும் என்பது என் உறுதியான விருப்பம்.

அடுத்தது, சதவீதத்தில் வரும் மயக்கம். 2021 இறுதியில் டொலர் 200.43 ரூபா, 2022 இறுதியில் 363.11 ரூபா. டொலரின் விலை எவ்வளவு ஏறியது என்று கேட்டால் 81 சதவீதம். ரூபாவின் பெறுமதி எவ்வளவு தேய்ந்தது என்று கேட்டால், 200.43ஐ 363.11ஆல் வகுத்து ஒன்றிலிருந்து கழிக்க வேண்டும், விடை 44.8 சதவீதம். இரண்டும் ஒரே நிகழ்வு. பத்திரிகை எதைச் சொல்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும்.

அதன் பின்னர் ரூபா மீண்டது. 2023 இறுதியில் 323.92, 2024 இறுதியில் 292.58, முறையே 12.1 சதவீதமும் 10.7 சதவீதமும் உயர்வு. 44.8இலிருந்து இவ்விரண்டையும் கழித்து, எஞ்சிய இழப்பு 22 சதவீதம் என்று எண்ணுவது தவறு. சதவீதங்களின் அடி ஒவ்வொரு தடவையும் மாறுகிறது. தொடக்கத்தையும் முடிவையும் நேரடியாக ஒப்பிட்டால், 200.43ஐ 292.58ஆல் வகுக்க 0.685 வருகிறது, ஆகவே ரூபா 2021 இறுதியில் இருந்ததைவிட இன்னும் 31.5 சதவீதம் கீழேயே நின்றது.

ஏழாம் படி: வீதத்தை யார் தீர்மானித்தார் என்று கேட்டல்

2021 செப்டெம்பர் முதல் 2022 மார்ச் தொடக்கம் வரை டொலர் 200 முதல் 203 ரூபா வரையில் அசையாமல் நின்றது. அது சந்தை இணங்கிய விலை அல்ல. மத்திய வங்கி தன் ஒதுக்கைச் செலவிட்டும் வங்கிகளுக்கு அறிவுறுத்தல் வழங்கியும் பிடித்து வைத்திருந்த விலை. இந்தப் பிடிப்பின் விலையைத்தான் உழைப்பாளர் அனுப்பும் பணத்தின் சரிவு காட்டியது: வங்கியில் 200 ரூபா, வங்கிக்கு வெளியே பணம் கைமாற்றும் உண்டியல் வழியில் அதற்கு மேல் என்று இருந்தால், வியர்வை சிந்தி உழைத்தவர் எதைத் தெரிவுசெய்வார் என்பதைச் சொல்லத் தேவையில்லை. உண்டியலில் அனுப்பிய பணத்தின் ரூபா ஊரில் குடும்பத்தின் கைக்கு வந்தது. அந்த டொலர் வங்கிகளை எட்டவில்லை. எரிவாயுவுக்கும் மருந்துக்கும் செலுத்த டொலர் இல்லாமற்போனதில் இதற்கும் பங்குண்டு.

மார்ச் 7ஆம் திகதி மத்திய வங்கி வீதத்துக்கு நெகிழ்ச்சி அளித்து 230 ரூபா வரையில் இடம் கொடுத்தது. சில நாட்களில் அந்த எல்லையும் உடைந்தது; மே மாதத்தில் 360 ரூபா அளவை எட்டியது. ஒதுக்கு இருக்கும்போதே மெல்ல மெல்ல விட்டிருந்தால் இவ்வளவு கொடிய பாய்ச்சல் நேர்ந்திராது என்பதே என் கணிப்பு. வீதத்தைப் பிடித்து வைப்பதே பிழை என்று நான் சொல்லவில்லை. பிடித்து வைக்கும் நாடு பட்ஜெட் பற்றாக்குறையை மத்திய வங்கியின் பணத்தால் நிரப்பிக்கொண்டே அதைச் செய்ய முடியாது. புதிதாக உருவான ரூபா இறுதியில் இறக்குமதியைத் தேடி டொலரிடமே போகும். சர்வதேச நாணய நிதியம் 2023 மார்ச்சில் ஏறத்தாழ 3 பில்லியன் டொலர் உதவிக்கு ஒப்புதல் அளித்தது. அதே ஆண்டு இயற்றப்பட்ட மத்திய வங்கிச் சட்டம், அரசுக்கு அவ்வாறு பணம் வழங்கும் வழியை இறுக்கமாகக் கட்டுப்படுத்தியது.

எட்டாம் படி: உண்மை நாணயமாற்று வீதம்

மிகக் குறைவாகப் பேசப்படுவதும், என்னைப் பொறுத்தவரை மிக முக்கியமானதும் இந்தப் படியே. டொலரின் விலை மட்டும் ஏறினால், டொலர் வைத்திருப்பவருக்கு நாடு மலிவாகிறது. விலைவாசியும் சேர்ந்து ஏறினால் அந்த மலிவு கரைந்துவிடுகிறது. கணக்கிடும் முறை இது: டொலரின் விலை எத்தனை மடங்கானது என்பதை, இரு நாட்டு விலை ஏற்றங்களின் விகிதத்தால் வகுக்க வேண்டும்.

2022இல் டொலர் 1.81 மடங்கானது. அவ்வாண்டு டிசெம்பரில் கொழும்புச் சுட்டெண் 57.2 சதவீதமும், அமெரிக்கச் சுட்டெண் 6.5 சதவீதமும் ஏறியிருந்தன. 1.572ஐ 1.065ஆல் வகுத்தால் 1.476. 1.81ஐ 1.476ஆல் வகுத்தால் 1.23. அதாவது 2022 இறுதியில் டொலரோடு வந்த ஒருவரால் இலங்கையில் முந்தைய ஆண்டைவிட 23 சதவீதம் கூடுதலாக வாங்க முடிந்தது.

இனி 2024 இறுதி வரை நீட்டுவோம். டொலர் 200.43இலிருந்து 292.58ஆகி 1.46 மடங்கு. கொழும்புச் சுட்டெண் 2023 டிசெம்பரில் 4.0 சதவீதம் ஏறி, 2024 டிசெம்பரில் 1.7 சதவீதம் இறங்கியது. மூன்றாண்டுக்கும் சேர்த்து 1.61 மடங்கு. அமெரிக்கச் சுட்டெண் 6.5, 3.4, 2.9 என ஏறி 1.13 மடங்கு. விகிதம் 1.42. 1.46ஐ 1.42ஆல் வகுத்தால் 1.03. இத்தனை கொந்தளிப்புக்கும் பின்னர் உண்மை வீதம் தொடங்கிய இடத்திலிருந்து 3 சதவீத அளவே நகர்ந்திருக்கிறது! ஏற்றுமதியாளருக்குக் கிடைத்த விலை அனுகூலத்தில் பெரும்பகுதி போய்விட்டது. ரூபாவில் சேமித்தவர்களும் மாதச் சம்பளக்காரர்களும் பட்ட இழப்போ திரும்பி வரவில்லை. ஒரே ஒரு வணிகப் பங்காளியை வைத்துச் செய்த எளிய கணக்கு இது. பல நாடுகளின் நாணயங்களை வணிக அளவுக்கேற்ப நிறையிட்டு மத்திய வங்கி வெளியிடும் உண்மைத் தாக்கமுள்ள செலாவணி வீதச் சுட்டெண் இதன் முழு வடிவம்.

எண்களைத் திரட்டும் ஒழுங்கு

கொழும்புச் சுட்டெண் மாத இறுதியிலும், தேசியச் சுட்டெண் அடுத்த மாதம் 21ஆம் திகதியளவிலும், உற்பத்திக் கணக்கு காலாண்டுக்கு ஒரு தடவையும் வெளியாகின்றன. நாணயமாற்று வீதத்தை மத்திய வங்கி வேலை நாள்தோறும் வெளியிடுகிறது. ஒரு கொப்பியில் நிரல்களிட்டு இவற்றை எழுதி வரலாம். ஒவ்வொரு எண்ணுக்குப் பக்கத்திலும் அதன் அடிப்படை ஆண்டையும், அது ஆண்டுச் சராசரியா ஆண்டு இறுதியா என்பதையும், அதைக் குறித்துக்கொண்ட திகதியையும் எழுத வேண்டும். 2022இன் சுருக்கம் முதலில் 7.8 சதவீதம் என்று வெளியாகி, பின்னர் 7.3 சதவீதமாகத் திருத்தப்பட்டது. தொடக்கத்தில் "7 சதவீதத்துக்கு மேல்" என்று நான் எழுதியது அதனால்தான்.